காதில் பஞ்சு வைத்த மதிப்பெண்காரர்

இடது காதுப் பஞ்சு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. வலது காதுப் பஞ்சுதான் மூன்றாவது முறையாக நழுவிச் சட்டைக் காலருக்குள் விழுந்தது. ஹார்லன் பிட்கினின் விரல்கள் அப்படி நடுங்கின.

"என்ன சார், குளிருதா?" என்று கேட்டாள் டோலி. தொலைக்காட்சிக்காரர்கள் சார்பில் ரிங்கைச் சுற்றி ஓடியாடி வேலை வாங்குகிறவள் அவள்தான்.

"ஜூலை மாசம் அட்லாண்டிக் சிட்டியில யாருக்கம்மா குளிரும்? பயம்."

"சண்டை போடப்போறது அவங்க ரெண்டு பேரு. நீங்க எதுக்குப் பயப்படணும்?"

"அவங்களுக்கு அடி வாங்கக் காசு குடுக்கறாங்க. எனக்கு மதிப்பெண் போட மட்டும்தானே காசு? அடிக்குன்னு தனியா ஒண்ணும் பேசலியே."

டோலி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஹார்லனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நாடு முழுக்க ஒளிபரப்பாகிற உலகக் குத்துச்சண்டைப் பட்டப் போட்டி. பன்னிரண்டு ரவுண்டு. வெற்றி தோல்வியை முடிவு செய்ய ரிங்கைச் சுற்றி மூன்று தீர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள் போடுகிற மதிப்பெண் சண்டை முடியும்வரை யாருக்கும் தெரியாது. வீட்டில் சோளப்பொரி கொறித்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கு அதுவரை பொறுமை இருக்குமா? அதற்காகத் தொலைக்காட்சி நிறுவனம் தானாக ஒரு நாலாவது ஆளை உட்கார வைத்து, அவர் போடுகிற மதிப்பெண்ணை ரவுண்டுக்கு ரவுண்டு திரையில் காட்டும். அந்த மதிப்பெண் செல்லாது. ஆனால் அதனால் வருகிற வம்பு செல்லும்.

போன வருஷம்வரை அந்த நாற்காலியில் கிளைட் என்றொருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு சண்டையில் சாம்பியன் லூதர் மேபன் மூன்று ரவுண்டு தோற்றதாகப் போட்டார். தீர்ப்பாளர்கள் மேபனுக்குத்தான் வெற்றி என்றார்கள். ஆனாலும் மறுநாள் காலை மேபன் வீடியோ டேப்பும் கையுமாகக் கிளைட் வீட்டுக்குப் போய், சோபாவில் அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அந்த மூன்று ரவுண்டையும் நாலு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அடிக்கவில்லை. திட்டவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் டேப்பை நிறுத்தி, "இது தெரியலியா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். கிளைட் இப்போது அரிசோனாவில் இருக்கிறார். நீச்சல் குளம் கழுவுகிறார்.

மேபனுக்குப் பட்டப்பெயரே 'சவவண்டி'.

"கேளுங்க," என்று அன்று காலை ஹார்லனின் மனைவி மைரா சொல்லியிருந்தாள். "சவவண்டி ஜெயிச்சா, ஜெயிச்சான்னு போடுங்க."

"தோத்தா?"

"அப்பவும் ஜெயிச்சான்னு போடுங்க."

ஆனால் ஹார்லனுக்கென்று ஒரு நேர்மை இருந்தது. முப்பது வருஷம் கார் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற உத்தியோகம் பார்த்தவர். அழுகிற முகத்தைப் பார்த்தால் கை தானாகப் பாஸ் போட்டுவிடும் என்பதால், முப்பது வருஷமும் யார் முகத்தையும் பார்க்காமல் பிரேக், கிளட்ச் மிதிகளை மட்டும் பார்த்தவர். அதே கொள்கையோடுதான் குத்துச்சண்டைக்கும் வந்தார். முகம் பார்க்க மாட்டார். கால்சட்டை நிறத்தை மட்டும் பார்ப்பார். கூட்டத்தின் கூச்சல் மனதை இழுக்கும் என்று காதில் பஞ்சு. சண்டைக்கு முன் மைக்கில் படிக்கிற பட்டங்களையும் பெருமைகளையும் கேட்டால் மனசு சாயும் என்று, அந்த நேரம் பார்த்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

வியாழக்கிழமை நடந்த விதிமுறைக் கூட்டத்திலேயே யாருக்கு எந்த நிறம் என்று கேட்டு அட்டையின் தலைப்பில் எழுதி வைத்திருந்தார்: மேபன் கறுப்பு. எதிராளி ரோஸ்கோ டில் வெள்ளை. இருவருக்கும் ஒரே உயரம், ஒரே எடை, ஒரே மாதிரி மழித்த தலை. கால்சட்டை நிறம் மட்டும் இல்லாவிட்டால் பெற்றவர்களே திணறுவார்கள்.

அவரை ஒட்டினாற்போலக் கொஞ்சம் உயரமான முக்காலியில் எட்னா வார்க் உட்கார்ந்திருந்தாள். மூன்று தீர்ப்பாளர்களில் ஒருத்தி. எழுபத்திரண்டு வயது, இருபத்தைந்து வருஷ அனுபவம். கழுத்தில் ஒரு மணிச் சங்கிலி. அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பாவம், பிரார்த்தனை பண்ணுகிறாள் போலிருக்கிறது என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, பேனா இவ்ளோ தடிமன்?" என்று குனிந்து கேட்டாள்.

"கேமராவுல தெரியணுமாம், எட்னாம்மா."

"நல்லது, நல்லது," என்றாள். பெருமூச்சும் விட்டாள்.

விளக்குகள் மாறின. அறிவிப்பாளர் மைக்கில் வாயைத் திறந்தார். ஹார்லன் வழக்கம்போல எழுந்து போனார். பயத்தில் தண்ணீர் நாலு கோப்பை உள்ளே போயிற்று. திரும்பி வந்து உட்காரவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

கறுப்புக் கால்சட்டை முதல் ரவுண்டிலேயே வெள்ளைக் கால்சட்டையைப் பின்னி எடுத்தது.

ஹார்லனுக்கு உயிர் வந்தது. 'தெய்வமே! நேர்மையாகவும் போடலாம், உயிரோடும் இருக்கலாம்!' தடித்த பேனாவால் எழுதினார்: மேபன் பத்து, டில் ஒன்பது. ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்பதுதான் கணக்கு. டோலி துண்டுச் சீட்டை வாங்கினாள். பார்த்தாள். அவள் புருவம் நெற்றிக்கு ஏறியது. என்னமோ கேட்டாள். பஞ்சு அடைத்த காதில் அது ஏறவில்லை. பாராட்டுகிறாள் என்று நினைத்து ஹார்லன் தலையாட்டி வைத்தார்.

இரண்டாவது ரவுண்டு, மூன்றாவது, நாலாவது. எல்லாம் கறுப்புக் கால்சட்டைக்கே. நாலாவது ரவுண்டில் வெள்ளைக் கால்சட்டை வாங்கிய அடியைப் பார்த்து முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹார்லன் மட்டும் மனசுக்குள் சீட்டியடித்துக்கொண்டே மேபனுக்கு நாலாவது பத்தைப் போட்டார்.

மணி அடித்ததும் டோலி அவர் காதுப் பஞ்சைப் பிடுங்கிவிட்டு ஒலிவாங்கியை மாட்டினாள். நேரலை.

"ஹார்லன்!" ரெக்ஸ் டன்லீவியின் கரகரத்த குரல். இருபது வருஷமாக நாட்டுக்கே சண்டையை விவரித்த குரல். "நாலு ரவுண்டு முடிஞ்சிருக்கு. சொல்லுங்க, எப்படிப் போட்டிருக்கீங்க?"

"மேபனுக்கு நாப்பது, டில்லுக்கு முப்பத்தாறு. இதுல சந்தேகமே இல்ல, ரெக்ஸ்."

மூன்று விநாடி சத்தமே இல்லை. தொலைக்காட்சியில் மூன்று விநாடி என்பது ஒரு வனவாசம்.

"ஹார்லன்... ஒரு கண்ணு மூடி, மூக்குல ரத்தம் ஒழுக, மூணு பேரு தாங்கிப் பிடிக்க அங்க மூலையில உக்காந்திருக்காரே, அவருக்கா நாலு ரவுண்டும்?"

ஹார்லன் அன்றுதான் முதல் முறையாக ஒரு சண்டைக்காரனின் முகத்தைப் பார்த்தார்.

வெள்ளைக் கால்சட்டைக்கு மேலே, வீங்கிய முகத்தோடு, சவவண்டி உட்கார்ந்திருந்தது.

அட்டையின் தலைப்பைப் பார்த்தார்: மேபன் கறுப்பு என்றேதான் இருந்தது.

"ஹார்லன்? கேக்குதா?"

மாற்றிச் சொல்லலாம். 'தப்பாகப் போட்டுவிட்டேன், நாலு ரவுண்டும் மேபன் தோல்வி' என்று நாடே கேட்கச் சொல்லலாம். கண் முன்னே ஒரு சோபா வந்தது. அதில் பாதி இடத்தை மேபன் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அது... அந்த அடியெல்லாம் வாங்கினாரே," என்றார் ஹார்லன். "அவர் எங்க வாங்கணும்னு நினைச்சாரோ அங்கதான் வாங்கினார், ரெக்ஸ்."

"என்னது?"

"அடிக்கிறது யாரும் அடிச்சுடலாம். வாங்கறதுல ஒரு... ஒரு தோரணை வேணும்."

மறுபடியும் மூன்று விநாடி. பிறகு ரெக்ஸின் குரலில் ஒரு பக்தி வந்தது. "நேயர்களே, இதுக்குத்தான் அனுபவஸ்தர் வேணுங்கறது. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியுது!"

ஒலிவாங்கியைக் கழற்றியதும் ஹார்லன் டோலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கால்சட்டை ஏம்மா மாறிச்சு?"

"உங்களுக்குத் தெரியாதா? சாம்பியனோட அத்தை கனவு கண்டாங்களாம், வெள்ளை போட்டாத்தான் ஜெயிப்பான்னு. அது தெரிஞ்சதும் டில், 'சவவண்டிக்கு இனிமே நான்தான் டிரைவர்'னு நக்கல் பண்ணிட்டுக் கறுப்பை எடுத்து மாட்டிக்கிட்டான். அறிவிப்புல சொன்னாங்களே சார்! கூட்டமே சிரிச்சுதே!"

"நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன்."

"இத நான் கேக்கல," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

ஹார்லன் யோசித்தார். டில் ஜெயித்த நாலை மேபனுக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த நாலை டில்லுக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். எப்படியும் இந்த அடி அடிக்கிற டில் அடுத்த நாலையும் ஜெயிக்கத்தான் போகிறான். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா ஐந்தாவது ரவுண்டு மணி அடிக்கிறவரைக்கும்தான்.

மேபனின் மூலையில் ஓடெல் என்று ஒரு வாளிக்காரன். ரவுண்டுக்கு நடுவே தண்ணீர் கொடுக்கிறவன். அவன் ஒளிபரப்பு மேஜையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தான். நாப்பது, முப்பத்தாறு. ஓடிப் போய், துண்டை ரிங்குக்குள் எறிந்து தோல்வியை ஒப்புக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மேபனின் காதில் ஊதினான்.

"அண்ணே! டிவியில நாலும் நமக்குத்தான்!"

"என்னடா உளர்றே? நான் செத்துக்கிட்டிருக்கேன்."

"வாங்கறதுல தோரணை இருக்காம்ணே உங்ககிட்ட!"

மேபன் எழுந்தார். எழுந்தவர் ஐந்தாவது ரவுண்டில் டில்லைக் கயிறு வரைக்கும் துரத்தினார். ஆறாவதில் கயிற்றோடு சேர்த்து வைத்துத் துவைத்தார். ஏழிலும் எட்டிலும் டில் சண்டை போட்டான் என்றே சொல்ல முடியாது; விழாமல் இருந்தான், அவ்வளவுதான்.

ஹார்லனின் தடித்த பேனா ஐந்தாவது ரவுண்டுக் கட்டத்தின்மேல் நின்றது. உண்மையைப் போட்டால் மேபனுக்கு ஐம்பது, டில்லுக்கு நாற்பத்தைந்து. அப்புறம் இந்தப் பிழையை ஜென்மத்துக்கும் நேராக்க முடியாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு டில்லுக்குப் போட்டார். ஆறும் டில்லுக்கு. ஏழும். எட்டும். பக்கத்து முக்காலியில் எட்னாவின் பென்சிலும் விடாமல் கிறுக்கிக்கொண்டிருந்தது. இந்த அம்மாள் என்ன நிம்மதியாகப் போடுகிறாள் என்று அவருக்குப் பொறாமையாக இருந்தது.

மறுபடி நேரலை.

"ஹார்லன், எழுபத்தாறுக்கு எழுபத்தாறா? சமமா? சாம்பியன் துவைச்சுக் காயப்போட்ட நாலு ரவுண்டையும் துணிக்கா குடுத்தீங்க?"

"டில்... நல்லா வாங்கினார், ரெக்ஸ்."

"ஆக, முதல் நாலுலயும் வாங்கினவருக்கு. இந்த நாலுலயும் வாங்கினவருக்கு."

"ஆமா," என்றார் ஹார்லன் பரிதாபமாக. "ஒரே அளவுகோல்தானே வைக்கணும்?"

"பிட்கின் கொள்கை!" என்று ரெக்ஸ் நாட்டுக்கு அறிவித்தார். "எழுதி வச்சுக்குங்க நேயர்களே!"

எழுதி வைத்துக்கொண்டவன் ஓடெல். அவன் குனிந்து மேபனிடம் என்னமோ சொன்னான். மேபனின் தலை மெதுவாகத் திரும்பியது. திறந்திருந்த அந்த ஒரு கண் ரிங்கைக் கடந்து, கயிற்றைக் கடந்து, நேராக ஹார்லனிடம் வந்து நின்றது. மேபன் முக்காலியை விட்டு எழுந்து, கயிற்றின்மேல் சாய்ந்து, பல் காப்பை எடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"பெரியவரே, உங்க வீட்டு சோபா ரெண்டு பேர் உக்கார்றதா, மூணு பேர் உக்கார்றதா?"

அதற்குப் பிறகு ஹார்லன் சண்டையைப் பார்க்கவே இல்லை.

பார்த்தால்தானே யாருக்காவது போடவேண்டியிருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளும் அழாமல் இருக்க ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கிற மாதிரி பிட்டார். ஒன்பது மேபனுக்கு. பத்து டில்லுக்கு. பதினொன்று மேபனுக்கு. பன்னிரண்டு டில்லுக்கு. நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினாலு. கடைசி மணி அடித்தபோது அவர் சட்டை சண்டைக்காரர்களின் உடம்பைவிட நனைந்திருந்தது.

தீர்ப்பு வந்தது. ஒரு தீர்ப்பாளர் மேபன் என்றார். இன்னொருவர் டில் என்றார். மூன்றாவது எட்னா வார்க்: நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினாலு. சமம். சமம் என்றால் பட்டம் சாம்பியனிடமே தங்கும்.

பாதி கூட்டம் குதித்தது. பாதி கூட்டம் நாற்காலியைத் தூக்கியது. மேபன் தங்கப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரையும் விலக்கிவிட்டு, கயிற்றுக்கு நடுவே குனிந்து இறங்கி, நேராக ஒளிபரப்பு மேஜைக்கு வந்தார்.

ஹார்லன் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்க வீட்டுல சோபா இல்லீங்க," என்றார். "மடக்கு நாற்காலிதான்."

"மடக்கு நாற்காலி நானே கொண்டு வரேன்." மேபன் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார். மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது. "முதல் நாலு ரவுண்டு நான் தோத்தேன். எனக்கே தெரியும். அத எனக்குக் குடுத்தே. அடுத்த நாலு நான் ஜெயிச்சேன். அவன் ஆத்தாளுக்கே தெரியும். அதப் பிடுங்கிட்டே. என்னைப் பாத்தா எப்படி இருக்கு உனக்கு?"

"முகத்தை நான் பாக்கறதே இல்லீங்க," என்றார் ஹார்லன். மேபனிடம் அவர் சொன்ன ஒரே உண்மை.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" ரெக்ஸ் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே கேமரா. "தீர்ப்பாளர்களோட ரவுண்டுவாரி மதிப்பெண் இப்பதான் கைக்கு வந்தது! சாம்பியன், கேளுங்க! எட்னா வார்க், இருபத்தஞ்சு வருஷத் தீர்ப்பாளர். அவங்க அட்டையும் ஹார்லன் அட்டையும் ஒண்ணு! மொத்தம் மட்டுமில்ல. ரவுண்டுக்கு ரவுண்டு! பன்னிரண்டும் அச்சு அசல்!"

மேபன் தாளை வாங்கினார். ஒரு கண்ணால் மேலிருந்து கீழே படித்தார். ஹார்லனின் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டும் பொருந்தின.

"ஒருத்தர் சொன்னா பைத்தியம்னு சொல்லலாம்," என்றார் ரெக்ஸ் கேமராவைப் பார்த்து. "தனித்தனியா ரெண்டு பேரு பாத்து ஒண்ணே சொன்னா, அது என்ன நேயர்களே? உண்மை!"

மேபனின் கைகள் மேஜையை விட்டு எழுந்தன. சாய்ந்த மேஜை நிமிர்ந்தது.

"அப்போ... முதல் நாலு ரவுண்டுல நான் நெஜமாவே என்னமோ நல்லாப் பண்ணியிருக்கேன்?"

"போலிருக்கு," என்றார் ஹார்லன். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்னா வார்க் அப்படியா பார்த்தாள்? அப்படியானால் கால்சட்டை மாறியது, கண்ணை மூடியது எல்லாம் போகட்டும்; உள்ளுக்குள் ஒரு உணர்வு, முப்பது வருஷம் மனிதர்களுக்கு மதிப்பெண் போட்ட கை, அது தப்பாகப் போடவில்லை. அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. கழுத்து கூட நீண்டது.

"மன்னிச்சுக்குங்க, பெரியவரே." சவவண்டி குனிந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. "நாளைக்குக் காலையில டேப்போட உங்க வீட்டுக்கு வரேன்."

"ஏ... ஏங்க?"

"கத்துக்கத்தான். முதல் நாலு ரவுண்டையும் நிறுத்தி நிறுத்திப் போடறேன். ஒவ்வொரு அடியிலயும் நான் என்ன நல்லது பண்ணேன்னு நீங்க எனக்குச் சொல்லணும். ஒண்ணு விடாம. எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. சொல்ல முடியலைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குக் கோவம் வந்துரும்."

மேபன் போய்விட்டார். ஹார்லனின் முதுகு மறுபடியும் வளைந்தது. நானூறு அடி இருக்கும் அந்த நாலு ரவுண்டில். நானூறு முறை டேப் நிற்கும். நானூறு முறை அந்த ஒற்றைக் கண் அவர் பக்கம் திரும்பும்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. உண்மையாகவே பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். திரும்பினார். எட்னா வார்க் முக்காலியிலிருந்து கவனமாக, காலால் தரையைத் துழாவிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எட்னாம்மா!" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். "உங்களுக்குக் கோடி புண்ணியம். நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. மைரா பன்றிக்கறி வறுவல் பண்ணித் தருவா. அந்த முதல் நாலு ரவுண்டுல நீங்க என்ன பாத்தீங்களோ, அத மேபன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க!"

எட்னா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, அவர் காதருகே வந்தாள். கழுத்திலிருந்த மணிச் சங்கிலியின் இரண்டு முனையும் வெறுமனே ஆடின.

"மூக்குக்கண்ணாடியை ஓட்டல் குளியலறையிலேயே வச்சுட்டு வந்துட்டேன், தம்பி, கை நீட்டுற தூரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாமே புகைமூட்டம்தான். நல்லவேளை, உங்க எழுத்து பெரிசு!"